கிராஃப்ல பாயிண்ட் குறிக்கிற கணக்கு பையனுக்குப் பிடிபடவே இல்லை, அவசரம்

உடுமலை அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு எண்ட்ரன்ஸ் நெருங்கிடுச்சு. மத்த கணக்கெல்லாம் ஓரளவு போடறான். கிராஃப்ல பாயிண்ட் வந்தா மட்டும் தப்புத் தப்பா போடறான். நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன். எப்படிப் புரிய வைக்கறது? நல்ல வீடியோ இருந்தாலும் சொல்லுங்க.

மூலைவிட்டம்:
எந்த எண்ட்ரன்ஸ்? இப்போ எத்தனாவது படிக்கறான்? தப்புன்னா எந்த மாதிரி தப்பு?

கோவை டியூஷன்:
இதுல எல்லாப் பசங்களும் பண்ற தப்பு ஒண்ணுதான். (3, 5)ஐயும் (5, 3)ஐயும் குழப்பிக்குவாங்க. முதல் எண்ணுக்கு வலது இடது, ரெண்டாவது எண்ணுக்கு மேலே கீழே, அவ்வளவுதான். செஸ் போர்டை வெச்சு சொல்லிக்கொடுங்க, ஒரே நாள்ல வந்துடும். என் டியூஷன்ல அப்படித்தான் பண்றேன்.

ரிட்டயர்டு கணக்கு:
முழுக்கள் பாடத்தை ஒழுங்காப் படிக்காம கிராஃப்புக்கு வந்தா இப்படித்தான் ஆகும். வீடியோ பார்த்து யாருக்கும் கணக்கு வந்ததில்லை. கேள்வி கேட்கறவங்க என்ன வகுப்பு, என்ன கணக்குன்னு எழுதணும்னு இங்கே பல தடவை சொல்லியாச்சு. முதல்ல பழைய இழைகளைப் படிச்சுட்டு வாங்க.

நெல்லைக்காரி:
சார், பாவம், பரீட்சை அவசரத்துல கேட்டிருக்காங்க. அக்கா, நீங்க ஒண்ணு பண்ணுங்க. அவன் தப்பாப் போட்ட கணக்கை, அவன் எழுதின விடையோட அப்படியே போடுங்க. சரியான விடை மட்டும் போட்டா எங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

உடுமலை அம்மா:
சைனிக் ஸ்கூல், ஒன்பதாம் வகுப்பு அட்மிஷன். அமராவதிநகர்தான் கேட்கப்போறோம். இப்போ எட்டாவது, தமிழ் மீடியம். நேத்து போட்டது:
(-4, 3) எக்ஸ் அச்சிலிருந்து எவ்வளவு தூரம்? 4னு எழுதியிருக்கான்.
(0, -5) எந்தக் கால்பகுதி (ரெண்டு அச்சும் பிரிக்கற நாலு பகுதியில எது)? நான்காவதுன்னு எழுதியிருக்கான்.
செவ்வகத்தோட மூணு முனை (-2, 1), (4, 1), (4, 5). நாலாவது முனையும் பரப்பளவும் கேட்டிருக்காங்க. முனை (-2, 5)னு சரியாச் சொல்லிட்டான். பரப்பு மட்டும் 20ங்கறான். புக்ல 24.

ரிட்டயர்டு கணக்கு:
நான் சொன்னதேதான். 4-லிருந்து -2-ஐக் கழிக்கத் தெரியலை. 6 வரணும். முழுக்கள் கழித்தலை ஒரு நோட்டு நிறையப் போட வைங்க, தானா சரியாகிடும்.

கோவை டியூஷன்:
அதுக்குத்தான் தூரச் சூத்திரம் இருக்கே. எக்ஸ் வித்தியாசத்தோட வர்க்கம், ஒய் வித்தியாசத்தோட வர்க்கம், கூட்டி வர்க்கமூலம். அதை மனப்பாடம் பண்ணிட்டா எந்தத் தூரம் கேட்டாலும் போட்டுடலாம்.

நெல்லைக்காரி:
அது சமச்சீர்ல ஒன்பதாவது பாடம். எட்டாவது முடிச்சு எழுதற பையனுக்கு அது எதுக்கு? பக்கமெல்லாம் அச்சுக்கு இணையா இருக்கற செவ்வகத்துக்கு யாராவது வர்க்கமூலம் எடுப்பாங்களா?

கோவை டியூஷன்:
பிதாகரஸ் தேற்றம் எட்டாவதுலயே இருக்கு. சூத்திரம் அதுலேர்ந்துதானே வருது? 180 நிமிஷத்துல 150 கேள்வி. கட்டம் கட்டமா எண்ணிட்டு இருந்தா முடிக்க முடியுமா?

நெல்லைக்காரி:
நேரம் குறைவுதான், அதனாலதான் சொல்றேன். ஓரத்துல ரெண்டு கோடு குறுக்க போட்டு எந்தப் பக்கம்னு பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? 400 மார்க்ல கணக்கு மட்டும் 200, ஒரு கேள்விக்கு 4. புரியாத சூத்திரத்தை நம்பி அந்த மார்க்கை விடக்கூடாது. அக்கா, இன்னொண்ணு. ஒன்பதாம் வகுப்புத் தாள் இங்கிலீஷ்ல மட்டும்தான் வரும். ஆரிஜின் (ரெண்டு அச்சும் வெட்டிக்கற புள்ளி), குவாட்ரண்ட் (கால்பகுதி), அப்ஸிஸா (எக்ஸ் எண்), ஆர்டினேட் (ஒய் எண்) எல்லாம் இப்பவே பழக்கிடுங்க.

ரிட்டயர்டு கணக்கு:
ரெண்டு பேரும் விஷயத்தை விட்டுட்டு எங்கேயோ போறீங்க. அடிப்படை இல்லாத பையனுக்கு எதைச் சொன்னாலும் நிக்காது.

மூலைவிட்டம்:
சார், ஒரு நிமிஷம். கழித்தல் தெரியலைன்னா 4 - 2 = 2னு போட்டு, பரப்பு 8 வந்திருக்கணும். இவனுக்கு 20 வந்திருக்கு. 1-லிருந்து 5-க்கு உயரம் 4, அது சரி. அப்போ நீளத்தை 5னு எடுத்திருக்கான். -2-லிருந்து 4-க்கு எண்ணும்போது ஒரு எண் காணாமப் போகுது. அது பூஜ்யமாத்தான் இருக்கணும். நாலாவது முனையைச் சரியாச் சொன்ன பையனுக்கு அடிப்படை இல்லைன்னு சொல்ல முடியாது.

உடுமலை அம்மா, அவன் நோட்டைத் திறந்து ஒண்ணே ஒண்ணு பாருங்க. எண்களைக் கோட்டு மேல எழுதறானா, கட்டத்துக்கு உள்ளே எழுதறானா? கட்டத்துக்குள்ள எழுதற பசங்களுக்கு -1-க்கு அடுத்த கட்டமே 1 ஆகிடும், பூஜ்யத்துக்கு இடமே இருக்காது. செஸ் போர்டு இப்போதைக்கு வேண்டாம். அதுல கட்டத்துக்குத்தான் பேர், இங்கே ரெண்டு கோடு வெட்டிக்கற இடத்துக்குப் பேர்.

மத்த ரெண்டும் வேற தப்பு. எக்ஸ் அச்சுன்னு கேட்டதும் எக்ஸ் எண்ணை எடுத்து எழுதிடறான். பாயிண்ட்ல பென்சில் முனையை வெச்சு, நேரா அந்த அச்சுக்கு இறக்கச் சொல்லுங்க. (-4, 3)லேர்ந்து எக்ஸ் அச்சுக்கு இறங்க 3 கட்டம், அதான் விடை. (0, -5) ஒய் அச்சு மேலேயே உட்கார்ந்திருக்கு, எந்தக் கால்பகுதியிலும் இல்லை. ரெண்டுல ஒரு எண் பூஜ்யமா இருந்தா கால்பகுதியைத் தேடவே வேண்டாம்.

கோவை டியூஷன்:
செஸ் போர்டுல எனக்கு நல்லாத்தான் வருது. வரிசை குழம்பற பசங்களுக்கு அதைவிட நல்ல வழி இல்லை.

மூலைவிட்டம்:
வரிசைக்குச் சரிதாங்க. இவனுக்கு வரிசை குழம்பலை.

உடுமலை அம்மா:
பார்த்தேன். கட்டத்துக்குள்ளதான் எழுதியிருக்கான், -1க்குப் பக்கத்துலயே 1. கோட்டு மேல எழுத வெச்சேன், 24 வந்துடுச்சு. அச்சு தூரம் இன்னும் யோசிச்சு யோசிச்சுத்தான் சொல்றான். ரொம்ப நன்றிங்க.

ரிட்டயர்டு கணக்கு:
நல்லது. இருந்தாலும் முழுக்கள் கழித்தலை விட்டுடாதீங்க. கிராஃப் ஷீட் இல்லாம 4 - (-2) போடவும் வரணும்.

மூலைவிட்டம்:
அதுவும் சரிதான். இந்த மூணையும் இன்னிக்குப் போடச் சொல்லுங்க. (-3, -2) ஒய் அச்சிலிருந்து எவ்வளவு தூரம்? (6, 0) எந்தக் கால்பகுதி? சதுரத்தோட மூணு முனை (-3, -1), (2, -1), (2, 4), பரப்பு என்ன? கடைசிக் கணக்குக்கு 25 வரணும். 16 வந்தா பூஜ்யத்தை இன்னும் தாண்டித்தான் எண்றான்னு அர்த்தம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி குறையறதால சதுரமாத்தானே இருக்குன்னு அவனுக்குச் சந்தேகமே வராது, நீங்கதான் பக்கத்துல இருந்து பார்க்கணும்.