முதல் மறுப்புரிமையா, முதற்கொள்வுரிமையா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

சொத்தை வெளியாளுக்கு விற்குமுன், அதே விலைக்கு எடுத்துக்கொள்கிறாயா என்று ஒருவரை முதலில் கேட்டாக வேண்டும் என்கிற உரிமையை ஆங்கிலத்தில் ‘right of first refusal’ என்கிறார்களே, அதற்கு நீங்கள் சொன்ன ‘முதல் மறுப்புரிமை’ எனக்கு ஒட்டவில்லை. ஆங்கிலச் சொல்லில் மறுப்பு இருக்கிறது, சரி, ஆனால் தமிழில் மறுத்தல் என்றதும் கேட்டு வந்தவரிடம் தரமாட்டேன் என்று சொல்வதுதான் முதலில் தோன்றுகிறது. பழைய புறப்பாடல்களின் துறைகளில் ஒன்றான ‘மகண் மறுத்தல்’கூட, பெண் கேட்டு வந்த வேந்தனுக்குத் தகப்பன் தர மறுப்பதுதான். பத்திரத்தில் இந்தச் சொல்லைப் போட்டால், நிலத்துக்காரர் விற்க மறுக்கும் உரிமை என்றே எங்கள் ஊரில் படிப்பார்கள்.

போன வருஷம் எங்கள் சித்தப்பா, சேரன்மகாதேவி பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் வயலில் தன் பங்குக்கு வெளியாளிடம் விலை பேசிவிட்டு அப்பாவிடம் வந்து, “அண்ணே, இன்ன விலைக்குக் கேக்கான், அதே விலைக்கு நீங்க எடுத்துக்கிடுதீயளா, இல்ல அவனுக்கே குடுத்துரட்டுமா” என்று கேட்டார். விஷயம் இவ்வளவுதான். சித்தப்பா விற்க நினைக்காத வரை அப்பா அதைத் தா என்று கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் விற்பது என்று வந்துவிட்டால், வெளியாள் சொன்ன அதே விலைக்கு முதலில் அப்பாவுக்குத்தான்.

இதற்கு நெருங்கிய சொந்தம் ஒன்று 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவில் இருக்கிறது. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து, பிள்ளைகள், மனைவி, தாய் போன்ற முதல் வகுப்பு வாரிசுகளுக்கு வந்து, அதில் ஒருவர் தன் பங்கை விற்க முனைந்தால், மற்ற வாரிசுகளுக்கு அதை வாங்க முன்னுரிமை உண்டு. விவசாய நிலத்துக்கும் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னது. அங்கே விலை ஒத்துவராவிட்டால் நீதிமன்றம் தீர்மானிக்கும், அதனால் இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது. வெறும் ‘முன்னுரிமை’ என்று விடவும் மனசு வரவில்லை, அது வங்கிக் கடன் வரைக்கும் எல்லாவற்றுக்கும் போய்விட்டது.

என் சொல் ‘முதற்கொள்வுரிமை’. கொள்வினை கொடுப்பினை என்று சம்பந்தம் பேசும்போது சொல்கிறோமே, அந்தக் ‘கொள்’தான், நிலத்துக்கும் பொருந்தும், முறைப்பெண்ணுக்கு மாமன் வீட்டில் முதலில் கேட்பதற்கும் பொருந்தும். வேண்டாம் என்று சொல்லும் பாதி இதில் காணோமே என்பீர்கள். உரிமை என்றாலே விட்டுக்கொடுக்கலாம், விட முடியாததைக் கடமை என்போம், ஆகவே மறுப்பைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வெளியாளிடம் விலை பேசுமுன்பே வந்து சொல்லியாக வேண்டும் என்ற இன்னொரு வகையும் ஒப்பந்தங்களில் இருக்கிறதே, அதற்கு ‘முதலறிவிப்புரிமை’ சரிவருமா அண்ணாச்சி? அதில் வாங்கும் வாடை போதவில்லை என்று எனக்குப் படுகிறது.