கல் மூங்கில் வில்: முனை வெடிப்புக்கும் வண்டுக்கும் புதுப்பிப்பு

கல் மூங்கிலை (உள்துளை மிகச் சிறிதான கெட்டி மூங்கில்) வில்லுக்கு உலர்த்துவது பற்றிய என் முந்தைய இழைக்குத் தொடர்ச்சி. தையில் வெட்டிய கழி சித்திரையில் முனை வெடிக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். காரைக்குடி அனலில் வெட்டுவாய் (கழியின் வெட்டிய முனை) வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும். நடுப்பகுதி உலர்வதில் பின்தங்க, முனை பிளக்கும். வெட்டிய அன்றே உருக்கிய மெழுகைப் பூசுங்கள். உலர்த்த மொட்டைமாடி வேண்டவே வேண்டாம். வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) வெயில் விழாத பக்கம் போதும்.

கழியிலிருந்து மஞ்சள் நிற மாவு கொட்டினால் அது துளைவண்டின் வேலை. கழியின் மாவுச்சத்துதான் வண்டுக்குத் தீனி. 20 லிட்டர் நீரில் 600 கிராம் வெண்காரம் (போராக்ஸ்), 400 கிராம் போரிக் அமிலம் கரைத்து, நெடுக்காகப் பிளந்த கழியை ஒரு வாரம் ஊறவைத்து மறுபடி உலர்த்துங்கள்.

உலரும் கழியின் எடை இறங்குவது நின்றபின் செதுக்கலாம், உள்பக்கம் மட்டும். வெளிப்பக்கம் உளி பட்டால், இழுவிசை தாங்கும் நெருக்கமான நார் அறுந்து வில் அங்கேயே ஒடியும்.