பொற்கோயில்ல நாம உள்ள போய் உக்காரலாமா?

ஊர்சுற்றி:
அடுத்த மாசம் அமிர்தசரஸ் போறோம், நான், வீட்டுக்காரம்மா, அம்மா மூணு பேரும். சீக்கியர் இல்லாதவங்க உள்ள உக்காரலாமா, இல்ல எட்டிப் பாத்துட்டு வந்துடணுமா? அர்ச்சனை சீட்டு, தட்டுல காசு அந்த மாதிரி உண்டா? அம்மாவுக்கு முட்டி வலி, தரையில உக்கார முடியாது, லங்கர்ல, அதான் அங்க எல்லாருக்கும் இலவசமா சாப்பாடு போடற இடத்துல, என்ன பண்றதுன்னு அதான் பெரிய கவலை.

தக்காளிச்சோறு:
தாராளமா உக்காரலாம், யாரும் எந்த ஊரு என்ன மதம்னு கேக்க மாட்டாங்க. நாலு பக்கமும் வாசல் வச்சதே எல்லாரும் வரட்டும்னுதான்னு சொல்வாங்க. தலைய மூடணும், கர்ச்சீப் போதும், செருப்ப ஜோடா கர்ல குடுத்துட்டு கால் நனைச்சுட்டுப் போகணும், பீடி சிகரெட் பாக்கெட்ல கூட இருக்கக் கூடாது. நம்ம கோயில் மாதிரி ஏறிப் போறது இல்ல, படி இறங்கித்தான் குளத்துக்கிட்ட போகணும், அம்மாவ கைபிடிச்சு கூட்டிட்டுப் போங்க. அர்ச்சனையெல்லாம் கிடையாது, இஷ்டப்பட்டா உண்டியல்ல போடலாம், அவ்ளோதான். அங்க பூசாரிய பாத்து

பழைய_ரயில்:
மேல பாதில நிக்குது 😀 பூசாரின்னே ஒருத்தர் கிடையாதுங்க. கிரந்தின்னு இருக்காரு, அவர் குரு கிரந்த் சாஹிப்ங்கற அவங்க புனிதப் புத்தகத்த வாசிக்கிறவரு, பாத்துக்கறவரு. சீக்கியர்களுக்கு 1708-ல குரு கோபிந்த் சிங்குக்கு அப்புறம் ஆள் குரு இல்ல, குரு கிரந்த் சாஹிப்தான் குரு. 1430 பக்கம், அதுல கபீர், நாமதேவர் பாட்டெல்லாம் கூட இருக்கு. நிறுத்தாம வாசிச்சு முடிக்கறத அகண்ட பாட்னு சொல்வாங்க, ஆள் மாத்தி ஆள் வாசிச்சு 48 மணி நேரம் ஆகும். புத்தகம் மட்டும் உசந்த மேடைல சாமரம் வீசிக்கிட்டு இருக்கும், மத்தவங்க ராஜாவா இருந்தாலும் தரைதான். கால அதுக்கு நேரா நீட்டாதீங்க, அத மட்டும் பாத்துக்கோங்க.

லங்கர்லயும் அதே தரைதான். அவங்க பங்கத்னு சொல்றதும் நாம பந்தின்னு சொல்றதும் ஒரே சொல்லுதான். ரொட்டிய தட்டுல போட மாட்டாங்க, ரெண்டு கையும் சேத்து ஏந்தணும், புதுசா போறவங்க தட்ட நீட்டிட்டு முழிப்பாங்க, நானும் முழிச்சவன்தான்.

வேப்பங்கொழுந்து:
முட்டி வலி விஷயத்துக்கு வரேன். இது சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க, நாற்காலி போட்டு சாப்பிடலாமா கூடாதான்னு கனடாவுல பெரிய தகராறே ஆச்சு, 1998-ல அகால் தக்த் (பொற்கோயில் வளாகத்துலயே இருக்கற சீக்கியர்களோட தலைமை பீடம்) தரைதான்னு உத்தரவு போட்டுச்சு. ஆனா அதெல்லாம் முடிஞ்சவங்களுக்குத்தான், முடியாத வயசானவங்கள யாரும் தரைல உக்காருன்னு வற்புறுத்த மாட்டாங்க. அங்க தொண்டு செய்யற சேவாதார் யாரையாவது கூப்பிட்டு சொல்லுங்க, பாத்துப்பாங்க. உள்ள கூட்டத்துல நிக்க முடியலைன்னா குளத்தச் சுத்தி எங்க நின்னாலும் கீர்த்தனை கேக்கும்.

இன்னொண்ணு, ராத்திரி வரைக்கும் இருங்க. புத்தகத்த பல்லக்குல அகால் தக்துக்கு எடுத்துட்டுப் போவாங்க, விடியறதுக்கு முன்னாடி திருப்பி கொண்டு வருவாங்க. தோள் குடுக்க ஆம்பளைங்க முண்டியடிக்கறத பாக்கணும். நேரம் சீசனுக்கு மாறும், அங்கயே கேட்டுக்கோங்க.

ஊர்சுற்றி:
நன்றிங்க எல்லாருக்கும். அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், "ரொட்டிக்கு கை ஏந்தறதா, ஏந்திட்டாப் போச்சு, படி எத்தன இருக்குன்னு கேளு"ங்கறாங்க. யாராச்சும் எண்ணியிருக்கீங்களா?