லெஷர் சென்டர், பார்க், சைக்கிள் பாதை: டெண்டர் விடுறதா, கவுன்சிலே நடத்துறதா?

குளத்துமீன்: எங்க கவுன்சில்ல லெஷர் சென்டரை (நீச்சல் குளம், ஜிம் எல்லாம் இருக்குறது) நடத்துற கான்ட்ராக்ட் முடியுது, மறுபடியும் நீண்ட காலத்துக்கு டெண்டராம். லண்டன்ல சவுத்வார்க் கவுன்சில் 2023ல, டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சில் 2024ல தாங்களே எடுத்து நடத்த ஆரம்பிச்சாச்சு, இங்க மட்டும் ஏன் அதே பழைய பாட்டு?

வரவுசெலவு: சொல்றது சுலபம் ப்ரோ. ஆபரேட்டர்கிட்ட, அதாவது சென்டரை நடத்துற வெளி நிறுவனத்துக்கிட்ட இருந்தா, கூட்டம் குறைஞ்சா அடி அவங்களுக்கு, கையில எடுத்தா மொத்தமும் கவுன்சில் தலையில. இங்கிலாந்துல லெஷர் கட்டாய சேவையும் இல்ல, சோஷியல் கேர் (முதியோர், குழந்தைகள் பராமரிப்பு) செலவு கழுத்தை நெரிக்கும்போது முதல்ல வெட்டு விழுறது இதுலதான்.

குளத்துமீன்: ரிஸ்க் அவங்களுக்காம்! 2022ல கரண்ட், கேஸ் விலை எகிறினப்போ எத்தனை ஆபரேட்டர் கவுன்சில் வாசல்ல வந்து நின்னாங்கன்னு பார்த்தோமே. 2023 பட்ஜெட்ல அரசாங்கமே நீச்சல் குளங்களுக்கு 60 மில்லியன் பவுண்டுக்கு மேல ஒதுக்க வேண்டி வந்துச்சு. லாபம் வந்தா அவங்க பங்கு, நஷ்டம் வந்தா நம்ம வரிப்பணம். அப்புறம் வாட் (விற்பனை வரி) விஷயத்தை ஏன் யாரும் பேசல? செம்ஸ்ஃபோர்ட் கவுன்சில் போட்ட வாட் கேஸுக்கு அப்புறம் 2023ல வரித்துறை எச்எம்ஆர்சியே ஒத்துக்கிச்சு, கவுன்சில் நேரடியா கொடுக்குற லெஷர் சேவை வியாபாரக் கணக்குல வராதுன்னு. அதாவது டிக்கெட்டுக்கு வாட் கட்ட வேணாம், செலவுல போன வாட்டும் திரும்பி வரும்.

வரவுசெலவு: அதுக்கு எதுக்கு கையில எடுக்கணும்? ஏஜென்சி மாடல் போட்டா போதும். கவுன்சில் பேர்ல ஆபரேட்டர் நடத்துவாங்க, வாட் லாபம் கிடைக்கும், ஸ்டாஃப், பென்ஷன் தலைவலி கவுன்சிலுக்கு இல்ல. இப்போ நிறைய டெண்டர் அந்தப் பக்கம்தான் போகுது.

யாழ்வண்டி: நீங்கள் ரெண்டு பேரும் குளத்துக்கையே நீந்துறியள், பார்க்கை ஒருத்தரும் பாக்கேல்லை. புல்லு வெட்டுறதுக்கு வருசத்துக்கு இத்தனை தரம் எண்டு கான்ட்ராக்டிலை எழுதி வைப்பினம். பிறகு தேனீக்கு, காட்டுப் பூவுக்கு எண்டு புல்லை வளர விடச் சொன்னால் கான்ட்ராக்டர் அதுக்கும் ஒரு எக்ஸ்ட்ரா பில் நீட்டுவார், வெட்டாமல் விடுறதுக்குக் காசு! சைக்கிள் பாதை இன்னும் மோசம். அரசாங்கக் காசு எப்ப எவ்வளவு வருமெண்டு தெரியாது, வந்தாலும் கெதியா முடிக்கோணும், அதாலை ஏற்கனவே ரோட்டுக் கான்ட்ராக்ட் வைச்சிருக்கிற பெரிய கொம்பனிக்கே போயிடும். 2020ல வந்த டிசைன் வழிகாட்டிப்படி கட்டத் தெரிஞ்ச சின்னக் கொம்பனி வாசலிலையே நிக்கும்.

வரவுசெலவு: அதுக்குத்தான் புது ப்ரோக்யூர்மென்ட் (அரசுக் கொள்முதல்) சட்டம் 2025 பிப்ரவரியில அமலுக்கு வந்துச்சு. எல்லா நோட்டீஸும் ஒரே சைட்ல, 5 மில்லியன் பவுண்டுக்கு மேல கான்ட்ராக்ட்னா குறைஞ்சது மூணு கேபிஐ, அதாவது வேலை எப்படி நடக்குதுன்னு அளக்குற அளவுகோல், வெளியிடணும்.

குளத்துமீன்: முழுசா படிங்க அண்ணே. கன்செஷன் கான்ட்ராக்டுக்கும் (நடத்துறவங்க வாடிக்கையாளர்கிட்ட வசூலிச்சே சம்பாதிக்கிறது) லைட் டச் கான்ட்ராக்டுக்கும் (சில சேவைகளுக்கு விதிகளைத் தளர்த்தினது) அந்த கேபிஐ விதி கிடையாது. லெஷர் சென்டர் டெண்டர் பெரும்பாலும் இந்த ரெண்டுல ஒண்ணாத்தான் வரும்.

வரவுசெலவு: சட்டம் கேக்கலைன்னா என்ன, கவுன்சில் தானாவே கான்ட்ராக்ட்ல எழுதிக்கலாமே, யாரு தடுத்தா?

யாழ்வண்டி: தடுக்கேல்லை, ஆனா கேட்டாத்தானே எழுதுவினம். கவுன்சில் கேபினெட் கூட்டத்துக்கு இந்த ரெண்டு கேள்வியையும் எழுத்திலை அனுப்புங்கோ: ஏஜென்சி எண்டால் வருமானம் குறைஞ்சா ஆர் கட்டுறது, நடுவிலை ஒப்பந்தத்தை முறிக்க எவ்வளவு செலவு.

குளத்துமீன்: ரெண்டாவதுதான் முக்கியம். இன்னிக்கே அனுப்பறேன்.