மேல் வீட்டுக் குளியலறைக் கசிவு: பழுது பார்க்கும் செலவு யாருடையது?

சி_புளோக்_3ஆம்_மாடி
வணக்கம். சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயாவில் மலிவு விலை அடுக்குமாடியில் இருக்கிறோம். குளியலறை சிலிங்கில் மஞ்சள் கறை பரவி, பூச்சு உதிர்கிறது. மேல் வீட்டுக்காரர், பைப் கட்டடத்துக்குச் சொந்தம் என்கிறார். கட்டடத்தைப் பராமரிக்கும் கூட்டு நிர்வாக அமைப்பான ஜேஎம்பியோ "நீங்க ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்குங்க" என்கிறது. செலவு யாருடையது?

ஸ்ட்ராட்டா_விவரம்
ஜேஎம்பி அப்படி ஒதுங்கிக்கொள்ள முடியாது. மலேசியாவின் 2013 ஸ்ட்ராட்டா (அடுக்குமாடிச் சொத்து) நிர்வாகச் சட்டத்தின் கீழ் வந்த 2015 விதிமுறைகளில் மாடிகளுக்கு இடையிலான கசிவுக்கென்றே தனிப் பகுதி உண்டு. சிலிங்கில் ஈரம் தெரிந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை பழுது மேல் வீட்டில்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும்.

முதலில் ஜேஎம்பிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். 7 நாளுக்குள் அவர்கள் வந்து சோதிக்க வேண்டும். சோதனை முடிந்த 5 நாளுக்குள் பாரம் 28 என்ற சோதனைச் சான்றிதழைத் தர வேண்டும். கசிவு எங்கிருந்து, பொறுப்பு யாருக்கு என்பதை அந்தச் சான்றிதழ்தான் சொல்லும். பொறுப்பு மேல் வீட்டுக்கு என்றால் அவர் 7 நாளில் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஜேஎம்பியே செய்து, செலவை அவரிடம் வசூலிக்கும்.

பல வீடுகளுக்குப் பொதுவான நிலைக்குழாய், கூரை, வெளிச்சுவர் என்றால் ஜேஎம்பி செலவு. அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் போகும் பைப், தரை என்றால் மேல் வீட்டுக்காரர் செலவு. பாரம் 28 கையில் வருமுன் யாரும் குளியலறைத் தரை ஓடுகளை உடைக்க வேண்டாம், ஆதாரம் போய்விடும்.

பைப்_வேலை
எது கசிகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். மேல் வீட்டில் எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டு மீட்டரைப் பார்க்கவும். அது சுற்றினால் தண்ணீர் வரும் பைப்பில் ஓட்டை. சுற்றவில்லை என்றால் புளோர் டிராப்பை (தரையில் தண்ணீர் வடியும் வாய்) அடைத்து, சாயம் கலந்த தண்ணீரை 24 மணி நேரம் தேக்கி வையுங்கள். கீழே சாயம் இறங்கினால் தரையின் நீர்த்தடுப்புப் பூச்சு போய்விட்டது, அல்லது டிராப் ஓரம் விலகியிருக்கிறது. சாயம் வராமல், கழிவறை ஃபிளஷ் செய்யும்போது மட்டும் சொட்டினால் கழிவுக்குழாய் மூட்டைப் பாருங்கள்.

கீழிருந்து சிலிங்கில் துளையிட்டு பியூ (பாலியூரித்தேன்) ஊசி போடுவது, அதாவது வெடிப்புக்குள் அடைப்புப் பொருளைச் செலுத்துவது, விலை குறைவு. ஆனால் அது அந்த வெடிப்பை மட்டும்தான் அடைக்கும். தரை பழுதாக இருந்தால் தண்ணீர் பக்கத்தில் வேறு வழி தேடும். முறையான வேலை என்றால் தரை ஓடுகளை உடைத்து, சிமெண்ட் கலந்த நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை, இரண்டாவது முதலாவதற்குக் குறுக்காக. சுவர் ஓரம் மேலேயும் ஏற்ற வேண்டும். காய்ந்ததும் மறுபடி 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகே ஓடு ஒட்ட வேண்டும். இந்தத் தேக்கலைக் குத்தகைக்காரர் தவிர்க்கப் பார்ப்பார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

சி_புளோக்_3ஆம்_மாடி
மிக்க நன்றி அண்ணா. மேல் வீட்டுக்காரர் கதவைத் திறக்க மறுத்தால்?

ஸ்ட்ராட்டா_விவரம்
நோட்டீஸ் கிடைத்த 7 நாளுக்குள் அவர் உள்ளே விட வேண்டும். மறுப்பது குற்றம்: 50,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஜேஎம்பியே அசையாவிட்டால் நகராண்மைக் கழகத்தின் சிஓபி (கட்டட ஆணையர்) பிரிவுக்கு எழுதுங்கள். உங்கள் சிலிங், அலமாரி சேதத்துக்கு இழப்பீடு வேண்டுமென்றால் ஸ்ட்ராட்டா நிர்வாக நடுவர் மன்றம் 250,000 ரிங்கிட் வரை விசாரிக்கும். தேதியோடு படங்களும் வேலை ரசீதுகளும் அங்கே தேவைப்படும்.

பைப்_வேலை
கசிவு நின்றதும் சிலிங்குக்கு உடனே சாயம் அடிக்காதீர்கள். உள்ளே ஈரம் இருக்கும்வரை கொப்பளிக்கும். உதிர்ந்த இடத்தில் கம்பி துருப்பிடித்துத் தெரிந்தால் வெறும் பூச்சு போதாது. தளர்ந்த காங்கிரீட்டைத் தட்டி எடுத்து, துருவைச் சுரண்டி, துருத்தடுப்பு பூசிய பிறகே மூட வேண்டும்.