டிராக்கில் விழுந்தாச்சு, அடுத்த ரேஸுக்குள் ஸ்பேர் தேடுவது எப்படி?

செகண்ட்கியர் கேட்டது:

வணக்கம். 600 சிசி, நாலு சிலிண்டர் பைக்கில் கிளப் ரேஸ் ஓட்டத் தயாராகிட்டு இருக்கேன். காலை குவாலிஃபையிங்கில் வலப்பக்கம் லோசைடு (டயர் வழுக்கி, சாஞ்ச பக்கமாவே விழறது) ஆகிடுச்சுன்னு வெச்சுக்குங்க. வலது கிளிப்ஆன் (ஃபோர்க் டியூபில் வளையம் போட்டு மாட்டற ஹேண்டில்) வளைஞ்சாச்சு, பிரேக் லீவர் உடைஞ்சாச்சு, ஃபுட்பெக் முறிஞ்சாச்சு, கிளட்ச் கவர் தேஞ்சு ஆயில் கசியுது. ரேஸுக்கு மூணு மணி நேரம்தான் இருக்கு. கையில் ஸ்பேர் லீவர் மட்டும் இருக்கு. மத்ததை பேடாக்கில் (எல்லாரும் பைக்கை நிறுத்தி வேலை பார்க்கற இடம்) யார்கிட்ட, எப்படிக் கேட்கணும்? வேற மாடல் பார்ட் எதெது பொருந்தும்?

டார்க்ரெஞ்ச் பதில்:

தேடப் போறதுக்கு முன்னாடி கழட்டுங்க. பைக் வந்து இறங்கினதும் ஃபேரிங் (வெளி உறை), பெல்லிபேன் (இன்ஜினுக்கு அடியில் வர்ற உறை) ரெண்டையும் எடுத்துட்டு சேதம் முழுக்க எழுதிக்குங்க. வெளியே தெரியற நாலு பார்ட்டை மட்டும் தேடிக் கொண்டுவந்து மாட்டினா, அப்புறம்தான் ஃபேரிங்கைத் தாங்கற ஸ்டே வளைஞ்சிருக்கறதும் ரேடியேட்டர் மூலை நசுங்கியிருக்கறதும் தெரியவரும். ரெண்டாவது தடவை கேட்கப் போகும்போது கொடுக்கக்கூடியவங்க பாதிப் பேர் ட்ராக்கில் இருப்பாங்க.

வலப்பக்க விழுகையில் எல்லாரும் தவறவிடறது திராட்டில் டியூப் (ஆக்ஸிலரேட்டர் கிரிப்புக்குள்ளே சுத்தற குழாய்). கிளிப்ஆன் முனை நசுங்கினா டியூப் லேசா உரசும். ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பி வெச்சு, திராட்டிலை முழுக்கத் திறந்து கையை விடுங்க. டப்புனு தானா மூடணும். மெதுவா மூடினாலும் அது ஃபெயில்தான். அடுத்து பின் பிரேக் பெடல், அதன் மாஸ்டர் சிலிண்டர், ஸ்டீயரிங் ஸ்டாப் மூணையும் பாருங்க.

ஹேண்டில் கோணலா இருந்தா ஃபோர்க் வளைஞ்சுடுச்சுன்னு உடனே முடிவு கட்டாதீங்க. பெரும்பாலும் டிரிபிள் கிளாம்புக்குள்ளே (ரெண்டு ஃபோர்க்கையும் பிடிச்சிருக்கற பிடி) முறுக்கிட்டுத்தான் இருக்கும். ரெண்டு ஃபோர்க் டியூப் மேலயும் குறுக்கே ஒரு தட்டையான கண்ணாடித் துண்டை வெச்சுப் பாருங்க. ஒரு மூலை ஆடினா முறுக்கு இருக்குன்னு அர்த்தம். ஆக்சில் பிஞ்ச் போல்ட், கிளாம்ப் போல்ட் எல்லாம் தளர்த்தி, நேராக்கி, சஸ்பென்ஷனை நாலஞ்சு தடவை அமுக்கி விட்டு, மேனுவலில் உள்ள டார்க்கில் திரும்ப இறுக்குங்க. அதுக்கப்புறமும் கண்ணாடி ஆடினா அன்னைக்கு ஓட்டாதீங்க.

ஏர்பாக்ஸை (ஏர் ஃபில்டர் பெட்டி) திறக்காம ஸ்டார்ட் பண்ணவே கூடாது. பைக் சாஞ்சு கிடந்தப்போ பிரீதர் குழாய் வழியா ஆயில் உள்ளே போயிருக்கும், கிராவலும் போயிருக்கலாம். ஒரே ஒரு கல் போதும், வால்வும் சிலிண்டர் போரும் போச்சு. எல்லாம் சரியா இருந்தும் ஸ்டார்ட் ஆகலைன்னா, இக்னிஷனை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. பைக் விழுந்தா இன்ஜினை நிறுத்தற டிப்ஓவர் சென்சார் கட் பண்ணியிருக்கும்.

இப்போ தேடுற வேலை. என்ட்ரி லிஸ்டை வாங்கினா யார் என்ன பைக்னு தெரிஞ்சிடும். உங்க மாடலையும் அதே ஜெனரேஷனையும் குறிச்சுக்குங்க. முதல்ல போக வேண்டியது இன்ஜின் போய் அன்னைக்கு ரேஸை விட்டவங்ககிட்ட. முழு பைக்கும் சும்மா நிக்குது, அவங்களுக்கு அன்னைக்கு அது தேவையும் இல்லை. அப்புறம் அன்னைக்கு ஓட்டி முடிச்ச கிளாஸ்காரங்க. உங்களோட அதே ரேஸில் ஓடுறவங்ககிட்ட அவங்களோட ஒரே ஸ்பேரைக் கேட்கறது கடைசி வழியா இருக்கட்டும். பேடாக்கில் பார்ட்ஸ் வேன் இருந்தா லீவர், பெக், கிரிப் மாதிரி ஓடுற சரக்கு இருக்கும், கிளட்ச் கவர் இருக்காது. அதனால முதல் நடை கவருக்கு. மைக்கில் அறிவிக்கச் சொல்றதுன்னா வாயால சொல்லாம பேப்பரில் எழுதிக் கொடுங்க: கம்பெனி, மாடல், வருஷம், பார்ட், எந்தப் பக்கம், உங்க பிட் நம்பர். உடைஞ்ச பார்ட்டும் ஒரு வெர்னியரும் (அளவெடுக்கற காலிப்பர்) கையில இல்லாம யார்கிட்டயும் போகாதீங்க.

வெர்னியர் பதில்:

மேலே சொன்னதோடு அளவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாடல் பெயரைவிட அளவுதான் உங்களைக் காப்பாற்றும்.

கிளிப்ஆனில் பார்க்க வேண்டியது, வளையம் பிடிக்கும் இடத்தில் ஃபோர்க் டியூபின் வெளிவிட்டம். ஒரு மில்லிமீட்டர் பெரிய வளையத்தை அலுமினியத் தகடு சுற்றி மாட்டுகிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். முதல் கடுமையான பிரேக்கிங்கிலேயே உங்கள் எடை முழுவதும் அதன்மேல் வரும், வளையம் திரும்பிவிடும். வளையம் நல்ல நிலையில் இருந்து குழாய் மட்டும் வளைந்திருந்தால் கவலை குறைவு. ஹேண்டில் குழாயின் வெளிவிட்டம் அநேகமாக எல்லாவற்றிலும் 22 மி.மீ. தான், ஆகவே குழாய் தனியாகக் கழலும் வகை என்றால் அதே வகையின் குழாயை மட்டும் கேட்டால் போதும். மாட்டியதும் பார் எண்டுக்கும் திராட்டில் டியூபுக்கும் நடுவே 1 முதல் 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். வளைந்த அலுமினியக் குழாயைத் தட்டி நேராக்கி ஓட்டுவது வேண்டாம், வளைந்த இடத்திலேயே விரிசல் விடும்.

மாஸ்டர் சிலிண்டர் உடைந்து வேறு கம்பெனியுடையதைக் கடன் வாங்கினால், பான்ஜோ போல்ட்டையும் (பிரேக் ஹோஸை மாட்டும் துளையுள்ள போல்ட்) சேர்த்து வாங்குங்கள். ஜப்பானிய பைக்குகளின் நிஸ்ஸின் மாஸ்டரில் பொதுவாக எம்10, 1.25 பிட்ச் (திரெட்டுகளின் இடைவெளி, மி.மீ.). பிரெம்போவில் எம்10, 1.0 பிட்ச். தவறான போல்ட் இரண்டு திருகு சுலபமாக உள்ளே போகும், பிறகு இறுகுவதுபோல் தோன்றும், ஆனால் அங்கே திரெட் வெட்டுப்பட்டுக்கொண்டிருக்கும். வாஷர் புதிதாகவே போடுங்கள்: ஒரு ஹோஸுக்கு 2, ஒரே போல்ட்டில் இரண்டு ஹோஸ் என்றால் 3.

உங்களிடம் லீவர் இருக்கிறது என்கிறீர்கள். அது உங்கள் மாஸ்டருக்கே உரியதா என்று இன்றே மாட்டிப் பாருங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் பிஸ்டனைத் தொடும் முனை அரை மி.மீ. நீளமாக இருந்தாலும் லீவரை விட்ட பிறகும் பிஸ்டன் லேசாக அழுந்தியே இருக்கும். ஃப்ளூயிட் ரிசர்வாயருக்குத் திரும்பும் துளை மூடியே இருப்பதால், சூடாகி விரியும் ஃப்ளூயிடுக்குப் போக வழியில்லை. சில லேப்பில் முன் பிரேக் தானாகப் பிடிக்கத் தொடங்கி, சக்கரம் பூட்டிக்கொள்ளும். சோதிப்பது சுலபம். ரிசர்வாயர் மூடியைத் திறந்து, லீவரை நகத்தளவு மட்டும் இழுங்கள். ஃப்ளூயிட் மேற்பரப்பில் ஒரு சிறு குமிழ்ப்பு எழும்பினால் துளை திறந்திருக்கிறது. எதுவும் அசையவில்லை என்றால் அந்த லீவர் வேண்டாம்.

ஃபுட்பெக்கில் பெக் மட்டும் முறிந்ததா, பிளேட்டும் வளைந்ததா என்று பாருங்கள். பெக் மட்டும் என்றால் வேறு மாடலுடையதும் பெரும்பாலும் பொருந்தும், போல்ட் விட்டம் ஒத்துப்போனால் சரி. பிளேட் என்றால் ஃபிரேமில் உள்ள இரண்டு துளைகளின் மையத் தூரம் ஒத்துப்போக வேண்டும்.

கேஸ்கெட் பதில்:

கிளட்ச் கவர் பத்தி மட்டும் சொல்றேன், உங்க லிஸ்ட்டில் அதுதான் மத்தவங்களையும் கீழே தள்ளக்கூடியது.

கசிவு எங்கேன்னு முதல்ல உறுதி பண்ணுங்க. பிரேக் கிளீனர் அடிச்சுத் துடைச்சு, காஞ்சதும் டால்கம் பவுடர் தூவி, ரெண்டு நிமிஷம் ஐடிலில் ஓட விடுங்க. வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு எங்கே வருதோ அங்கதான் கசிவு. கேஸ்கெட் ஓரமா, உலோகத்திலயான்னு பளிச்சுனு தெரியும். உலோகத்தில் ஓட்டைன்னா, சாதாரண ஸ்டீல் எபாக்ஸி முழுசா இறுக 15 முதல் 24 மணி நேரம் ஆகும். சீக்கிரம் இறுகும் வகை சூட்டில் அவ்வளவு பலமா நிக்காது. மூணு மணி நேரத்தில் வேற கவர் மாட்டறதுதான் சரி.

கவரைக் கழட்டும்போது பைக்கை இடப்பக்கம் நல்லா சாய்ச்சுப் பிடிச்சுக்குங்க, ஆயில் பெரும்பாலும் வெளியே வராது. போல்ட்டெல்லாம் ஒரே நீளம் கிடையாது. அட்டையில் கவரின் வடிவத்தை வரைஞ்சு, எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அதே இடத்தில் குத்தி வைங்க. நீளமான போல்ட்டைக் குட்டை ஓட்டையில் இறுக்கினா கேஸ் விரிசல் விடும். கடன் வாங்கின கவரில் டவல் பின் (கவரைச் சரியான இடத்தில் உட்கார வைக்கற சின்ன முளை) இருக்கா பாருங்க, இல்லைன்னா பழையதிலிருந்து எடுத்துப் போடணும். கேஸ்கெட் புதுசு வேணும். கடன் கேட்டா கவர் கிடைக்கும், கேஸ்கெட் கிடைக்கிறது கஷ்டம், அதனால அதை எப்பவும் பெட்டியில் வைங்க. கிராங்க்கேஸின் ரெண்டு பாதியும் சேர்ற கோட்டில் மட்டும் துளி சீலன்ட். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது துணுக்கு சம்ப்புக்குள் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கற இடம்) விழாம துணி அடைச்சுக்குங்க. எம்6 போல்ட்டுக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர், எதிரெதிரா ரெண்டு மூணு சுற்றா இறுக்குங்க. சில மாடலில் கிளட்ச் ஆர்ம் இந்தக் கவரிலேயே இருக்கும். கவர் உட்கார்ந்ததும் கிளட்ச் லீவரை இழுத்துப் பார்த்துட்டு அப்புறம் இறுக்குங்க.

பெல்லிபேனையும் மறந்துடாதீங்க. சர்வதேச மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம் விதிப்படி இன்ஜின் ஆயில், கூலன்ட் ரெண்டோட மொத்தத்தில் பாதியையாவது அது பிடிச்சு வைக்கணும். விரிசல் இருந்தா வெளியே டேப் ஒட்டறது ஒரு வேலையே இல்லை, உள்பக்கம் ஃபைபர் கிளாஸ் வெச்சு அடைக்கணும்.

செகண்ட்கியர்:

ரொம்ப நன்றிங்க. ரெண்டு சந்தேகம். திரும்ப ஸ்க்ரூட்டினியில் (பைக்கின் பாதுகாப்புப் பரிசோதனை) எதைப் பார்ப்பாங்க? கடன் வாங்கின பார்ட்டுக்கு என்ன முறை?

டார்க்ரெஞ்ச் பதில்:

ஸ்க்ரூட்டினிக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்க. திராட்டில் தானா மூடுதா, ஹேண்டிலை முழுசாத் திருப்பினா லீவருக்கும் டேங்குக்கும் நடுவே 30 மி.மீ. இருக்கா, லீவர் முனை உருண்டை முழுசா இருக்கா, உடைஞ்ச கூர்முனை எங்கயாவது இருக்கா, கசிவு இருக்கா, ஆயில் ஃபில்லர், டிரெயின் போல்ட், ஃபில்டர் மூணுக்கும் லாக்வயர் (கழலாம இருக்கக் கட்டற கம்பி) இருக்கா, இதெல்லாம் பார்ப்பாங்க. கவர் மாத்தும்போது ஃபில்லர் வயரை வெட்டியிருப்பீங்க, திரும்பப் போட மறந்து திரும்பி வர்றவங்க நிறைய. ஹெல்மெட்டையும் கேட்பாங்க. தலை தரையில் பட்டிருந்தா அந்த ஹெல்மெட் முடிஞ்சது, வரலாறு தெரியாத ஹெல்மெட்டை இரவலும் வாங்காதீங்க.

பார்ட் கையில் வாங்கும்போதே பேசிடுங்க: உடைஞ்சா புதுசு வாங்கித் தரணும், தேய்ஞ்சாலும் அப்படியே. கொடுத்தவர் பெயரையும் பிட் நம்பரையும் டேப்பில் எழுதி பார்ட்டிலேயே ஒட்டுங்க. நாலு இடத்தில் வாங்கினது சாயங்காலம் ஒரே மேஜையில் கிடக்கும்போது குழப்பம் வராது. அன்னைக்கே துடைச்சு, போல்ட், வாஷரோட திருப்பிக் கொடுத்துடுங்க.

அடுத்த ரேஸுக்கு முன்னாடி உங்க பெட்டியில் சேர வேண்டியது: ரெண்டு பக்க கிளிப்ஆன் குழாய், திராட்டில் டியூப், பிரேக் லீவர் 2, கிளட்ச் லீவர் 2, பெக் ரெண்டு பக்கமும், கியர் பெடல், கிளட்ச் கவர் கேஸ்கெட், ஸ்டேட்டர் கவர் கேஸ்கெட், பான்ஜோ வாஷர் 6, டாட் 4 பிரேக் ஃப்ளூயிட் ஒரு பாட்டில், 0.8 மி.மீ. லாக்வயர். வலது குழாயில் திராட்டில் டியூப், கிரிப் எல்லாம் மாட்டியே வைங்க. கிரிப் பசை காய உங்களுக்கு அன்னைக்கு நேரம் இருக்காது.