பத்து மணிக்குப் போய்விடும் வயிற்றுவலி

சாக்பீஸ்:
மாட்டுத்தாவணி என்கிறவர் நேற்று இந்த இணையக் குழுவில் எழுதிவைத்த தீர்ப்பைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன் மூன்று வாரமாகப் பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறான், விடிந்தால் வயிற்றுவலி, அதட்டினால் கதவைச் சாத்திக்கொள்கிறான் என்று ஒரு அம்மா கேட்டார். பதில்: "பத்து மணிக்கு வலி போயிடுதா? அப்ப நடிப்பு. போனைப் பிடுங்குங்க, மூணே நாள்ல போவான்."
பத்து மணிக்குப் போவதுதான் ஐயா பதட்டத்தின் அடையாளமே. முதல் பீரியட் ஆரம்பித்தாயிற்று, இனி இன்றைக்குத் தப்பித்தோம் என்று தெரிந்ததும் வலி இறங்குகிறது. சனிக்கிழமை இருக்காது, ஞாயிறு ராத்திரி திரும்ப ஆரம்பிக்கும். நடிக்கிறவன் ஞாயிறு ராத்திரியே ஏன் ஒத்திகை பார்க்கிறான்?

மாட்டுத்தாவணி:
காலண்டர் பார்த்து வருகிற வலிக்கு எங்கள் ஊரில் வேறு பெயர். பத்து மணிக்கு வலி போய், பத்தேகாலுக்கு நாலு தோசை கேட்கிறான் என்றும் அந்த அம்மா எழுதியிருந்தாரே. சாக்பீஸ் சார் அந்த வரியை மட்டும் அழிரப்பர் வைத்துத் துடைத்துவிட்டார்.

நடுப்பெஞ்ச்:
முதலில் ஒன்று தெரிய வேண்டும். பையன் வீட்டை விட்டே கிளம்பவில்லையா, பையோடு கிளம்பிப் பள்ளிக்குப் போய்ச் சேரவில்லையா? பின்னது கட் அடிப்பது. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

சாக்பீஸ்:
அது கிடக்கட்டும். தோசைக்கு வருகிறேன். பயத்தில் அட்ரினலின் ஏறினால் குடல் முறுக்கும், குமட்டும், சோறு இறங்காது. பயம் தணிந்தால் பசிக்கும். நாலு தோசை என் கட்சிக்குச் சாட்சி!
ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, எடை குறைவது, காய்ச்சல், மலத்தில் ரத்தம், இதில் ஏதாவது இருந்தால் கதையே வேறு, உடனே டாக்டர். எதுவும் இல்லையென்றாலும் ஒரு தடவை காட்டி, ஹீமோகுளோபின், தைராய்டு பார்த்துவிட வேண்டும். அதோடு நிறுத்தணும். ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்தால் தனக்குப் பெரிய வியாதி என்று பையனே நம்பிவிடுவான்.

மல்லிப்பூ:
போன் விஷயத்தில் ரெண்டு பேரும் அரைகுறை. பையன் கையிலிருந்து பிடுங்கினால் கைகலப்பில்தான் முடியும். பதினாலு வயசுப் பையன் அம்மாவை விட உயரம், மறந்துவிட வேண்டாம். அதற்காகப் பகல் முழுக்கக் கேம் ஆட விட்டால் எவன் பள்ளிக்குப் போவான்? ஒன்பதிலிருந்து நாலு வரை வைஃபை கிடையாது, டிவி கிடையாது, பகல் தூக்கம் கிடையாது. பள்ளி டைம்டேபிள்படி பாடப் புத்தகம். திட்டும் வேண்டாம், கொஞ்சலும் வேண்டாம், வீடு சப்பென்று இருக்க வேண்டும். நாலு மணிக்குப் போனைச் சொன்னபடி திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு நாள் வாக்கு மாறினால் அதோடு அந்த ஏற்பாடு காலி.

மாட்டுத்தாவணி:
ஆக, போனை எடுக்கச் சொல்கிறீர்கள். நான் சொன்னதும் அதுதான். நன்றி.

மல்லிப்பூ:
நான் சொன்னது அது இல்லை.

கணக்குப்பிள்ளை:
பதட்டம் என்று ஒரு சொல்லே தமிழில் இல்லை. பதற்றம். பதறு, பதற்றம். வாத்தியார் பெயரை வைத்துக்கொண்டு இப்படி எழுதினால் பிள்ளை எப்படிப் பள்ளிக்குப் போகும்?

சாக்பீஸ்:
ஊரே பதட்டம் என்றுதான் சொல்கிறது. போன மாதம் எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைகளைப் பற்றிப் பேசியபோதும் இதே ஆள் சந்திப்பிழை பார்க்கத்தான் வந்தார்.
திரும்ப அனுப்பும் முறையைக் கேளுங்கள். எடுத்த எடுப்பில் முழு நாள் வேண்டாம். திங்கட்கிழமை வேண்டவே வேண்டாம். புதன் அல்லது வியாழனில் தொடங்கினால் இரண்டு மூன்று நாளில் லீவு வந்துவிடும், மனசு தாங்கும். முதலில் ஆறரைக்கு எழுந்து, யூனிஃபார்ம் போட்டு, கேட் வரை. அடுத்து நூலகத்தில் அரை மணி. பிறகு அவனுக்குப் பிடித்த வாத்தியாரின் ஒரு பீரியட், பிறகு மதியம் வரை. கணக்கில் தொடங்காதீர்கள்.
கெட்டுப்போவது ஒரே இடத்தில்: பயம் உச்சத்தில் இருக்கும்போது "சரி வாடா வீட்டுக்குப் போகலாம்" என்று கூட்டிவருவது. அரை மணி பொறுத்தால் தானே தணியும். தணியுமுன் கூட்டிவந்தால், ஓடினால்தான் நிம்மதி என்று பாடம் படிந்துவிடும். மறுநாள் இரட்டிப்பாகும். வகுப்பாசிரியரிடமும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், "எங்கடா போயிருந்தே ஒரு மாசமா" என்று நாற்பது பேர் முன்னால் கேட்கக் கூடாது. விட்டுப்போன நோட்டை எல்லாம் எழுதி முடி என்றும் சொல்லக் கூடாது. காலாண்டு லீவு, பொங்கல் லீவு முடிந்ததும் மறுபடி தலைதூக்கும், அதற்கும் தயாராக இருக்கணும்.

மாட்டுத்தாவணி:
கேட், நூலகம், பிடித்த வாத்தியார்! கல்யாண மாப்பிள்ளை அழைப்பு தோற்றது. நாதஸ்வரம் உண்டா? இத்தனை எழுதியும் பத்து மணிக்குப் பதில் இல்லை.

சாக்பீஸ்:
முதல் பதிவிலேயே இருக்கிறது. படிக்கத் தெரிந்தால்.

நடுப்பெஞ்ச்:
வகுப்பில் யாராவது சீண்டுகிறார்களா, பஸ்ஸிலா, கழிவறையிலா, எந்த பீரியட் உள்ள நாளில் வலி அதிகம் என்று ரெண்டு வாரம் குறித்து வைத்தார்களா? அதைக் கேட்காமல்...

புங்கமரம்:
இவ்வளவு பாடு எதற்கு? என்ஐஓஎஸ்ஸில், அதாவது வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில், சேர்த்துவிடலாம். பதினாலு வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், ஐந்து பாடம், ஐந்து வருஷம் செல்லும்.

மல்லிப்பூ:
பயந்து ஒதுங்குகிற பிள்ளைக்கு அதைச் சட்டென்று கையில் கொடுத்தால் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடும். எல்லா வழியும் பார்த்த பிறகு பேச வேண்டியது.

புங்கமரம்:
படிப்பு என்றால் பெஞ்சில் உட்கார்வது மட்டும்தான் என்று நினைக்கிறவர்களோடு பேசிப் பயனில்லை.

மாட்டுத்தாவணி:
எங்கள் காலத்தில் ரெண்டு அடி, நேரே பள்ளிக்கூடம்.

சாக்பீஸ்:
பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 2009லேயே தடை செய்தாயிற்று, வீட்டில் நீங்கள் தொடருங்கள். அடித்தால் ரெண்டு நாள் போவான். மூன்றாம் நாள் பை போகும், பையன் போக மாட்டான். "செத்துப்போவேன்" என்று ஒரு வார்த்தை வந்தால் அதையும் நடிப்பு என்று சொல்லிவிடாதீர்கள். தனியே விடாமல், அன்றே அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு. ராத்திரி என்றால் தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104 அல்லது மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடலாம்.

கணக்குப்பிள்ளை:
இதில் எல்லாம் சரி. பதற்றம் மட்டும் இன்னும் திருத்தப்படவில்லை.

சாக்பீஸ்:
பதட்டம். பதட்டம். பதட்டம்.

மாட்டுத்தாவணி:
இவ்வளவு பேசியாயிற்று. பத்து மணிக்குப் போன வலி பதினொன்றுக்கு ஏன் வரவில்லை? அதைச் சொல்லுங்கள் முதலில்.

சாக்பீஸ்:
பதினொரு மணிக்கு அவனைப் பள்ளிக்குக் கூப்பிட்டுப் பாருங்கள், வரும்.

மாட்டுத்தாவணி:
அதைத்தானே நடிப்பு என்கிறேன்.